தெளிஞ்ச பொறவு கூப்பிடுங்க

என் வீட்டுக்காரர் குடிக்கமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ராஜபாளையத்தில் பாதிப் பேர் இன்னும் இதை நம்பவில்லை. பட்டாளத்தில் இருந்தவர் என்றாலே மிலிட்டரி ரம் பாட்டிலும் கையில் இருக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. எல்லைக் குளிரில்கூடத் தன் பங்கைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டு வெந்நீர் குடித்த மனிதர் அவர். ஓய்வு பெற்று வந்த பிறகு, மதுரை மிலிட்டரி கேன்டீனில் தனக்கு உள்ள பாட்டில்களை மாதாமாதம் வாங்கி வந்தது உண்மைதான். அதெல்லாம் என் அண்ணன்மார் இரண்டு பேருக்காக. "மாப்ள, விசேஷம் வருது" என்று அவர்கள் இளித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. கண்ணாடி உரசும் சத்தத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து வருவார். பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று நான் கத்துவேன். "நெனச்சா நெனச்சிட்டுப் போறான், நமக்கென்னட்டி" என்பார்.

அவருக்கு இருந்த ஒரே போதை டிவியில் பேசுவது.

எங்கள் ஊரில் ஒரு லோக்கல் சேனல் உண்டு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்றியுள்ள கிராமங்கள் எல்லாவற்றுக்கும் அதே கேபிள்தான். காலை பதினோரு மணிக்கு நேரலையாக ஒரு பாட்டு நிகழ்ச்சி. போன் போட்டால் தொகுப்பாளரோடு பேசலாம், பிடித்த பாட்டைக் கேட்கலாம், அதை யாருக்காவது சமர்ப்பணமும் செய்யலாம். என் வீட்டுக்காரர் தினமும் போன் போடுவார். லைன் கிடைக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கிடைத்துவிட்டால், சேத்தூர் ரோட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது, மேற்கே மலையில் மழைக் கருக்கல் கட்டியிருக்கிறது, பாலத்துப் பக்கம் மாடு நிற்கிறது, பைக்கில் போகிறவர்கள் பார்த்துப் போங்கள் என்று ஒரு செய்தி அறிக்கையே வாசித்துவிட்டுத்தான் பாட்டுக்கு வருவார். தொகுப்பாளன் "வாங்க மிலிட்டரி அண்ணே" என்பான். டீக்கடையில் இவர் குரலைக் கேட்டதும் "டிவியில பேசுறவியதானே நீங்க?" என்று நாலு பேர் திரும்புவார்கள். அன்றைக்கெல்லாம் மனிதர் மீசையை முறுக்கிக்கொண்டு திரிவார். நான் கிண்டல் செய்வேன். உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

தொகுப்பாளனை "அவன்" என்றுதான் எழுதப் போகிறேன். "அவர்" போட்டு எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங்கும் உண்டு. தினமும் காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். கடையில் டிவி கிடையாது. இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரிப் போயிருக்கும்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் சிரித்துக்கொண்டே கடைக்குள் வந்தார்.

"அக்கா, மாமா இன்னைக்கு லைவ்ல கலக்கிட்டாரு போங்க. காலையிலேயே ஏத்திட்டாரா?"

போனை நீட்டினார். அதற்குள் அந்தத் துண்டு வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. திரையில் அவன் உட்கார்ந்திருக்கிறான். கேட்பது என் வீட்டுக்காரர் குரல். வணக்கம் சொல்கிறார், ஆனால் வாய்க்குள் துணியைத் திணித்ததுபோல் இருக்கிறது.

"அண்ணே, டிவி வால்யூமைக் குறைச்சிட்டுப் பேசுங்க."

"தம்பி... ஒரு பக்கமா... ஒரு பக்கமா வருது..."

"என்னண்ணே, நாக்கு டான்ஸ் ஆடுது? கேன்டீன் சரக்கு காலையிலேயே வேலை செய்யுதா?"

பின்னால் கூட்டம் சிரிக்கிற சத்தம். ஸ்டுடியோவில் கூட்டமெல்லாம் கிடையாது, பட்டனைத் தட்டினால் வரும் சிரிப்பு அது.

"இல்ல... இல்ல..."

"சரிண்ணே, சரிண்ணே. நீங்க தெளிஞ்ச பொறவு கூப்பிடுங்க. மிலிட்டரி அண்ணனுக்காக ஒரு சூப்பர் பாட்டு, வாங்க கேட்போம்!"

பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதான் வீடியோ.

குமாஸ்தா என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அந்த இரண்டு ஊரிலும் அந்த வீடியோவைப் பார்த்தவர்களில், இந்த மனிதர் குடித்திருக்க முடியாது என்று தெரிந்த ஒரே ஆள் நான். எனக்குத்தான் அது கடைசியாக வந்து சேர்ந்திருக்கிறது. குடிக்காதவனுக்கு நாக்குக் குழறினால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆகவில்லை. இவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பக்கத்து வீட்டம்மாவுக்குப் போட்டேன்.

"நாங்களும் டிவில பாத்தோம் மதினி" என்றாள், தயங்கித் தயங்கி. "வீட்டுக்குள்ள ஏதோ விழுந்த சத்தம்கூடக் கேட்டுச்சு. அவிய மரியாதையான மனுசன். இந்த நெலமையில நாம போயி நின்னா வெக்கப்படுவாரேன்னுதான் கதவைத் தட்டல. செத்த நேரம் தூங்கட்டும்னு விட்டுட்டோம்."

"அவருக்கு வாதம் இழுத்திருக்கு! ஓடு, கதவை ஒடை!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிரே கோர்ட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் அவள் "தேவுடா" என்று அலறியதும் செருப்பில்லாமல் ஓடியதும் போனிலேயே கேட்டது. பதறினால் அவளுக்குத் தெலுங்குதான் வரும்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனசோடுதான் வராமல் இருந்தாள். குடித்துக் கிடப்பவன் வீட்டுக் கதவை எங்கள் தெருவில் யாரும் தட்டமாட்டார்கள், அது ஒரு நாகரிகம். அவன் மட்டும் டிவியில் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால், சத்தம் கேட்ட உடனே நாலு வீட்டு ஆட்கள் ஓடி வந்திருப்பார்கள். ஒரே ஒரு நக்கலால் என் வீட்டு வாசலுக்கு வெளியே பூட்டுப் போட்டுவிட்டான் அவன்.

நான் ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் அவரை ஏற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், சின்னப் பெண், அவர் வாய்ப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தாள். அவள் போனுக்கும் வீடியோ போயிருக்கிறது. "குடிப்பாராம்மா?" என்று கேட்டாள். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரை டாக்டர் பொறுமையானவர். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம், இன்னும் முன்னாடியே கொண்டு வந்திருந்தால் மருந்து போட்டிருக்கலாம் என்றார். எப்போது ஆரம்பித்தது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். யாருக்காவதா? ஊருக்கே தெரியும் டாக்டர், நேரலையில் காட்டினார்கள் என்றேன். அவர் நான் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்திருப்பார்.

உயிர் தங்கியது. வலது கையும் காலும் பாதி வந்தன. பேச்சு வரவில்லை. நாம் சொல்வது அத்தனையும் அவருக்குப் புரிகிறது; பதில்தான் வெளியே வரமாட்டேன் என்கிறது. "ஆ", "ம்", சில நேரம் ஒரு மூச்சு. மழை, ரோடு, மாடு என்று ஊருக்கெல்லாம் செய்தி வாசித்த மனிதர் தண்ணீர் கேட்பதற்கு டம்ளரைக் காட்டுகிறார். அவர் கடைசியாகப் பேசிய முழு வார்த்தை "இல்ல". இரண்டு தடவை சொன்னார், அதையும் சிரிப்புச் சத்தத்தில் மூழ்கடித்துவிட்டார்கள்.

வீடியோ நிற்கவில்லை. யாரோ அதற்குப் பின்னணி இசை வேறு போட்டிருந்தார்கள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்.

அவர் தட்டுத்தடுமாறி நடக்க ஆரம்பித்ததும் நான் அந்தச் சேனலுக்குப் போனேன். ஒரு ஜவுளிக்கடை மாடியில் இரண்டு அறை. முதலாளி வெள்ளை வேட்டி சட்டையோடு எழுந்து நின்று மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். அவன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தான், என்னைப் பார்த்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். நான் அழவில்லை. அழுதால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும்.

"எனக்கு ரெண்டு விசயம் வேணும்" என்றேன். "ஒண்ணு, எங்க வீட்டுக்காரர் குடிக்கல, அன்னைக்கு அவருக்கு நோவுன்னு அதே பதினோரு மணிக்கு, அதே நாற்காலியில இருந்து சொல்லணும். ரெண்டாவது, அவர் நம்பர் ஒங்ககிட்ட இருந்துச்சில்ல? ஏன் திருப்பிக் கூப்பிடலன்னு சொல்லணும்."

நம்பர் இருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. போன் அழைப்புகள் வரும் கம்ப்யூட்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. யார் கூப்பிட்டாலும் நம்பர் விழுகிறது, தினமும் கூப்பிடுகிறவர்களுக்குப் பட்டப்பெயரும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதில் "மிலிட்டரி" என்று ஒரு வரி. பாட்டு ஓடும் நேரம் முழுக்க அவர்களுக்கு வேலை கிடையாது, டீ குடிப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு விரலால் அந்த வரியைத் தொட்டிருந்தால் போதும்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "லைவ்ல நடக்குறதுக்கு நாங்க எப்படிம்மா பொறுப்பாவோம்? கூப்பிட்டது அவிய. என்ன பேசுவாவன்னு எங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா? யானைக்கும் அடி சறுக்கும்மா."

"சறுக்குனது யானை. மிதிபட்டது எம் புருசன்" என்றேன்.

"நிகழ்ச்சி கலகலப்பா போற நிகழ்ச்சி. அதுல நோவு, ஆஸ்பத்திரின்னா ஆளுக சேனலை மாத்திருவாங்க."

அதைக் கேட்டுவிட்டுப் படியிறங்கும்போது எனக்குப் பஸ்தான் ஞாபகம் வந்தது. மயங்கி விழுந்த பயணியை இறக்கிவிட்டுவிட்டு விசில் அடிக்கும் கண்டக்டரை நான் பார்த்ததில்லை. சேத்தூர் பஸ்ஸில் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்தபோது, பஸ்ஸை அப்படியே ஆஸ்பத்திரி வாசலுக்குத் திருப்பிய டிரைவரைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த ஒருவரும் நேரமாகிறது என்று முணுமுணுக்கவில்லை. ஊரையே கூட்டி உட்கார வைத்துப் பேசுகிறவனுக்கு ஒரு பஸ் டிரைவருக்கு உள்ள பொறுப்புக்கூட வேண்டாமா? லைவ் என்பது கைகழுவ ஒரு சாக்கா? அவர்களை விடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

என் கடைக்கு வரும் வக்கீல்கள் எல்லாரும் அனுதாபப்பட்டார்கள். வழக்குப் போட்டால் தீர்ப்பு வருவதற்குள் நம் காலம் முடிந்துவிடும் அக்கா என்றும் சொன்னார்கள். ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவள், எனக்கும் ஒன்று அடித்தேன். நேயரின் உடல்நிலைக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சரி, கோர்ட் வேண்டாம். அவர்கள் கடையிலேயே அவர்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

நேரலையில் ஒரு பலவீனம் உண்டு. யார் போனை எடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பட்டப்பெயர் இல்லாத புது நம்பர் என்றால் இன்னும் வசதி. என் கடைக்குத் தினமும் எத்தனையோ பெண்கள் வருகிறார்கள். பட்டா, பென்ஷன், வாரிசுச் சான்றிதழ் என்று கூமாப்பட்டியிலிருந்தும் சோழபுரத்திலிருந்தும் வருவார்கள். ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற நேரத்தில் அவர்களிடம் விஷயத்தைச் சொல்வேன். சொல்லி முடிப்பதற்குள் "நம்பரைக் குடுக்கா" என்பார்கள். புருஷனுக்காகக் கொதிக்கும் ஒருத்தியைப் பார்த்தால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முதலில் பேசியவள் அவசரப்பட்டாள். வணக்கம் சொன்ன கையோடு விஷயத்துக்கு வந்ததால் லைன் துண்டிக்கப்பட்டது. பிறகு தொழில் பழகிவிட்டார்கள். கூமாப்பட்டிக்காரி ஒருத்தி, "தம்பி சாப்ட்டியளா, ஒங்க சட்டை எம்புட்டு அழகா இருக்கு" என்று ஆரம்பித்தாள். கத்தரிக்காய் விலை, மகள் கல்யாணம், மழை என்று அவனைச் சிரிக்க வைத்துக்கொண்டே போனாள். யாருக்குப் பாட்டைச் சமர்ப்பணம் செய்கிறீர்கள் என்று அவன் வாயால் கேட்க வைத்தாள். கேட்டதும் அதே கொஞ்சலில், "வாதம் வந்து நாக்குக் கொழறுன மனுசனைக் குடிகாரன்னு சொல்லி போனை வச்சியே, அந்த மிலிட்டரி அண்ணனுக்குப்பா" என்றாள். அவன் முகம் வெளுத்துப் போனதை நான் கடைக்கு வெளியே நின்று குமாஸ்தாவின் போனில் பார்த்தேன். எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன், ரொம்ப இனித்தது.

தினமும் ஒருத்தி. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், இவன் எம்மாத்திரம்? பெண் குரல் கேட்டாலே அவனுக்கு வியர்க்க ஆரம்பித்தது. உண்மையாகவே பாட்டுக் கேட்கக் கூப்பிட்ட அப்பாவிகளிடம்கூட "யாருக்கு... யாருக்கு வேணும்மா பாட்டு?" என்று திக்கினான். ஆண்களுக்கும் ருசி பிடித்துவிட்டது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற இவர் கூட்டாளிகள் மீசைக் குரலில் கூப்பிட்டு, "குடிக்காமத்தான் பேசுறேன், வால்யூமும் கம்மிதான், இப்ப கேட்கலாமா?" என்றார்கள். டீக்கடைகளில் பதினோரு மணிக்குக் கூட்டம் கூடியது, பாட்டுக்காக அல்ல. கடைசியில் ஒருநாள் அவன் கேமராவைப் பார்க்காமல் ஒரு தாளைப் பார்த்துப் படித்தான். நேயருக்கு அன்று உடல்நலம் பாதிக்கப்பட்டிருந்தது, அவர் மதுப்பழக்கம் இல்லாதவர், தவறாகப் பேசியதற்கு வருந்துகிறோம்.

நான் அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. இவரோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். கேட்டு முடித்ததும் இவர் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரையில் அவன் முகத்தைக் காட்டி, பாவம் என்பதுபோல் தலையை ஆட்டினார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்கு அந்த நிகழ்ச்சி மேல் இருந்த பிரியம் குறையவே இல்லை. பதினோரு மணி ஆனால் ரிமோட்டை எடுத்து என் கையில் வைப்பார். அவன் சிரித்தால் இவரும் பாதி முகத்தால் சிரிப்பார். அவனை நான் திட்டினால் கையை நீட்டித் தடுப்பார்.

முதல் விஷயம் கிடைத்துவிட்டது. இரண்டாவது பாக்கி இருந்தது. ஏன் திருப்பிக் கூப்பிடவில்லை? அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து அது நடந்தது. இவரோடு நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். சேத்தூரிலிருந்து ஒரு ஆச்சி பேசினார். பழைய பாட்டு ஒன்று கேட்டவருக்கு நடுவில் குரல் தேய்ந்தது, சொன்னதையே திரும்பச் சொன்னார். அவன் சட்டென்று நிமிர்ந்தான். சிரிப்புப் பட்டன் பக்கம் கை போகவில்லை.

"ஆச்சி, ரெண்டு கையையும் தூக்குங்க பாப்போம்."

"ஒண்ணுதாம்ப்பா வருது..."

"போனை வைக்காதீங்க ஆச்சி. பேசிக்கிட்டே இருங்க. எந்தத் தெரு?" தெருவைக் கேட்டு வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துக் கத்தினான். "அந்தத் தெருவுல இருக்கிறவிய டிவி பாத்தா ஒடனே ஓடுங்க! ஆச்சி வீட்டுக் கதவைத் தட்டுங்க!" பக்கத்தில் ஒரு பெண் ஆம்புலன்ஸுக்குப் பேசும் சத்தம் கேட்டது. அன்று பாட்டே போடவில்லை. ஆட்கள் வந்து சேரும்வரை அவன் ஆச்சியின் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தான். கதவு தட்டும் சத்தம் போனில் கேட்டபோது அவன் அழுதுவிட்டான். ஆச்சி குணமாகி நடந்தே வீட்டுக்குத் திரும்பினார் என்று பிறகு செய்தி போட்டார்கள்.

இவர் இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். கை தட்டுகிறாராம்.

ஆச்சி பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான், நான் ஒன்றும் பிசாசு இல்லை. ஆனால் ஊர் முழுக்க அவன் படம். தெய்வம் மாதிரிப் பிள்ளை என்றார்கள். என் வீட்டுக் கிணற்றில் என் ஆளைத் தள்ளிவிட்டு அதிலே நீச்சல் பழகியிருக்கிறான், இப்போது பரிசு வாங்குகிறான். எனக்காகப் போன் போட்ட சோழபுரத்துக்காரி ஒருத்தியே கடைக்கு வந்து, "பாவம்க்கா, திருந்திட்டான், விட்ருங்க" என்றாள். அன்றைக்கு அவளிடம் நான் சரியாகப் பேசவில்லை.

சேனல் முதலாளி லேசுப்பட்டவர் அல்ல. ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார், நேரலை. வீடு தேடி வந்து என்னைக் கூப்பிட்டார். ஆச்சி வருகிறார், நீங்களும் வந்து உங்கள் கையால் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார். நான் போர்த்திவிட்டால் எல்லாம் சமாதானம் என்று ஊருக்குக் காட்டிவிடலாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று என் புருஷன் நாக்குப் போனதையும் அவர்கள் விழாவுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் என் தோளைத் தட்டி, போ போ என்று கையை ஆட்டினார். முகத்தில் அப்படியொரு ஆசை. மண்டபப் படியெல்லாம் அவரால் ஏற முடியாது. வீட்டிலிருந்தே டிவியில் பார்ப்பார்.

போனேன். நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் போனேன். பழிக்குப் போகிறவள் அழுக்குச் சேலையில் போவாளா? மேடையில் முதலாளி, ஆச்சி, நடுவில் அவன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையில் பொன்னாடையைக் கொடுத்தார்கள். நான் அதை வாங்கிக்கொண்டு நேரே மைக்குக்குப் போனேன்.

"இந்தத் தம்பி செஞ்சது நல்ல காரியம்" என்றேன். கூட்டம் கை தட்டியது. அடங்கும்வரை காத்திருந்தேன். "ஒரு உசுரை எப்படிக் காப்பாத்தணும்னு தெரிஞ்ச பிள்ளைதான். அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் நம்பர் இந்தத் தம்பி கண்ணு முன்னால இருந்துச்சு. ஒரு பாட்டு ஓடி முடியிற நேரமும் இருந்துச்சு. ஏன் திருப்பிக் கூப்பிடல? அதை மட்டும் இந்த ஊருக்குச் சொல்லச் சொல்லுங்க. சொன்னா இந்தப் பொன்னாடையைப் போத்துறேன்."

முதலாளி பாய்ந்து வந்து மைக்கை வாங்கி, "அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாவ" என்று சிரித்தார். ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்கள். கேமரா மட்டும் எங்கள் மேலேயே இருந்தது. அவன் தலையைக் குனிந்தபடி என் பக்கத்தில் வந்தான். பொன்னாடை வாங்கிக்கொள்ளக் குனிகிறான் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். என் காதருகில் சொன்னான்.

"அக்கா, பொய் சொல்ல மாட்டேன். போன் எடுக்குற பொண்ணு சொல்லுச்சு, குரலே சரியில்ல, திருப்பிக் கூப்பிடுவோம்னு. நான்தான் வேண்டாம்னேன். தெனமும் அண்ணன் போன் வந்தாலே எங்களுக்கு ஐயோன்னு இருக்கும்க்கா. ரோடு, மழை, மாடுன்னு விடவே மாட்டாரு. நாங்க உள்ளுக்குள்ள கேலி பண்ணிச் சிரிப்போம். அன்னைக்கு அவமானப்பட்டாவது இனிமே கூப்பிடாம இருப்பாருன்னு நெனச்சேன். குடிச்சிருக்காருன்னு நெசமாவே தோணுச்சு. தோணுனது எனக்கு வசதியா இருந்துச்சு."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் சொன்னது உண்மைதான் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த பதில் இதுதான். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. பொன்னாடையை அவனுக்குப் போர்த்தவில்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டேன். ஆட்டோக்காரர் "என்னக்கா, ஒங்களுக்கா போத்துனாவ?" என்றார். வீட்டுக்கு விடச் சொன்னேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது இவர் டிவி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பக்கத்து வீட்டம்மா உதவியிருப்பாள். நான் மைக்கில் கேட்டதற்காகக் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இல்லை. திரையைக் காட்டினார், என்னைக் காட்டினார், பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினார். அவன் உன் காதில் என்ன சொன்னான்? மறுபடியும் காதைத் தொட்டார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவர் கண்ணில் இருந்த ஆவலைப் பார்த்தேன். டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்த நாட்களில் இருந்த அதே கண்.

"நம்பரைப் பாத்தானாம்" என்றேன். "திருப்பித் திருப்பி அடிச்சானாம், லைன் போகலியாம். நீங்க கூப்பிடாம நிகழ்ச்சியே நல்லா இல்லையாம். ஒங்க பேச்சைக் கேக்கத்தான் ஊரே பதினோரு மணிக்கு உக்காந்திருக்குமாம். அண்ணன் எப்பப் பேசுவாருன்னு கேட்டான்."

இவர் பாதி முகம் சிரித்தது. மறுபாதியும் சிரிக்கப் பார்த்தது. இடது கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டையிலிருந்து ஏதோ சொல்ல முயன்றார். நெற்றியில் நரம்பு புடைக்க முயன்றார். அப்போதிருந்து தினமும் முயல்கிறார். காலையில் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து மூடுகிறார், நாளைக்கே போன் போட்டுப் பேசிவிடப் போகிறவர்போல.

திருந்திவிட்டானே, அழுதானே, உண்மையையும் சொன்னானே, இன்னுமா மன்னிக்கவில்லை என்று என்னைக் கேட்கிறார்கள். இல்லை. அவன் என் வீட்டுக்காரரின் பேச்சை எடுத்துக்கொண்டதற்குக்கூட ஒருநாள் மனம் ஆறலாம். கேலி செய்து சிரித்தவனை நல்லவன் ஆக்கி, என் வாயாலேயே அவருக்குச் சொல்ல வைத்தானே, அதற்கு ஆறாது.